ஒளி யாரைச் சந்தேகிக்கிறது?

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

பொழுது சாய்ந்த பின் காந்திகிராமத்திலிருந்து சின்னாளபட்டி வரை தெருத் தெருவாக நடந்து பாருங்கள். தறியோசை ஓய்ந்துவிட்ட வீடுகளிலும் ஓர் ஓசை மட்டும் ஓயாமல் கேட்கும். அது இடியோசை. வானில் ஒரு துண்டு மேகம் இராது. சிறுமலைக்கு மேலே நிலவு தெளிவாகக் காயும். ஆனாலும் வீட்டுக்கு வீடு இடி இடித்தவண்ணம் இருக்கும். சின்னத்திரையில் யாரோ ஒரு மாமியார் கதவைத் திறந்துவிட்டார் என்று பொருள். காமிரா அவர் முகத்தை நோக்கி ஒரு முறை பாயும். போதாதென்று இடமிருந்து ஒரு முறையும் வலமிருந்து ஒரு முறையும் பாயும். முகத்தில் நீல ஒளி, கூந்தலில் மின்விசிறிக் காற்று. மீதி நாளைக்கு.

இதைத்தான் நம் வீடுகளில் ‘சஸ்பென்ஸ்’ என்கிறார்கள். பகல் முழுதும் உழைத்துக் களைத்த தாய்மார்கள் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பதைப் பழிப்பது என் நோக்கமன்று. அப்படிப் பழிப்பவர்களிற் பலர் அதே தொடரைக் கைப்பேசியில் இரகசியமாகப் பார்ப்பவர்கள் என்பதும் நாம் அறிந்ததே. என் வழக்கு வேறு. ஒரு மர்மக் கதையின் தொடக்கக் காட்சியில் காமிராவும் விளக்கும் கூடி நம் மனத்தில் ஒரு கேள்வியை விதைக்கின்றன. ‘யார்?’ என்பதே அந்தக் கேள்வி. அதை விதைக்கிறபோதே, யாரைச் சந்தேகிக்க வேண்டும் என்ற பாடத்தையும் அவை நமக்கு நடத்திவிடுகின்றன. இயற்பியல் படிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று தமிழ்த்துறை நண்பர்கள் கேட்கக்கூடும். ஒளியைப் பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

மர்மப் படங்களின் மன்னர் எனப் பெயர் பெற்ற ஆல்பிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு அளித்த நீண்ட பேட்டியில் ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னார். இருவர் மேசையருகே அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர்க்குப் பதினைந்து விநாடி அதிர்ச்சி, அதோடு சரி. அதே குண்டை நமக்கு முன்கூட்டியே காட்டிவிட்டு, அந்த இருவரையும் ஊர்க்கதை பேச விட்டால் என்ன ஆகும்? பதினைந்து நிமிடம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தவிப்போம். ‘அட, எழுந்து ஓடுங்களேன்’ என்று உள்ளம் கூவும். நம் தொடர்களின் இடி முன்னதைச் சேர்ந்தது. நான் பேச விரும்புவது பின்னதைப் பற்றி. எதைக் காட்டுவது, எவ்வளவு காட்டுவது, எப்போது காட்டுவது என்ற கணக்கில்தான் அது பிறக்கிறது.

இந்தக் கணக்கை நம்மவர்கள் ஹிட்ச்காக்கிடம் கற்றுக்கொள்ளவில்லை. வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் பெரிய வேடங்கள் அரங்கேறும் விதத்தை எண்ணிப் பாருங்கள். இருவர் ஒரு துணித்திரையை இரு பக்கமும் பிடித்து நிற்பார்கள். வேடக்காரர் அதன் பின்னே நின்று பாடுவார். குரல் கேட்கும், சலங்கை கட்டிய கால் தெரியும், கிரீடத்தின் நுனி தெரியும், முகம் தெரியாது. வந்திருப்பது துரியோதனன் என்று ஊருக்கே தெரியும். ஆயினும் திரை விலகும் வரை ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். காமிரா என்ற கருவியைக் கண்டிராத கலைஞர்கள், ஒரு துணியைக் கொண்டு, இன்றைய படப்பிடிப்பாளர் கதவிடுக்கு வழியாகவும் சன்னல் கம்பி வழியாகவும் செய்கிற அதே வித்தையைச் செய்தார்கள்.

ஒளிக்கு வருவோம். மனிதன் தோன்றிய நாள் முதல் அவனுக்குப் பழக்கமானது மேலிருந்து விழும் ஒளி. கதிரவனும் மேலே, நிலவும் மேலே. புருவத்துக்குக் கீழே நிழல், மூக்குக்குக் கீழே நிழல். இப்படி இருப்பதுதான் முகம் என்று மூளை பழகிக்கொண்டது. விளக்கைத் தாடைக்குக் கீழே கொண்டுபோனால் நிழல்கள் தலைகீழாகின்றன. கண்குழி ஒளிர்கிறது, கன்னத்து எலும்பின் நிழல் மேல்நோக்கி ஏறுகிறது. பழகிய முகமே அயல் முகம் ஆகிவிடுகிறது. அடுப்பு வெளிச்சத்தில் குனிந்து ஊதும் பாட்டியைக் கண்டு பேரக்குழந்தை ஒரு கணம் மிரள்வது இதனால்தான். பாட்டி மாறிவிடவில்லை. விளக்கு இடம் மாறியிருக்கிறது.

விளக்கு முதுகுக்குப் பின்னால் போனால், உருவம் உண்டு, முகம் இல்லை. பக்கவாட்டில் வைத்தால் பாதி முகம் பகலாகவும் பாதி முகம் இரவாகவும் ஆகி, இவர் மனத்திலும் இரண்டு இருக்குமோ என்று எண்ண வைக்கும். இன்னும் நுட்பமானது தூரம். முதலாண்டில் நாம் படித்த எதிர்விகித இருமடி விதியை நினைவுகூருங்கள்: சிறு விளக்கு ஒன்றிலிருந்து ஓரடி தொலைவில் இருப்பவர்மீது விழும் ஒளியில் கால் பங்குதான் இரண்டடி தொலைவில் இருப்பவர்மீது விழும், மூன்றடியில் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே விளக்கை நடிகர் முகத்துக்கு வெகு அருகே கொண்டுவந்தால் முகம் துலங்கும், பின்சுவர் இருளில் மூழ்கும். விளக்கைத் தள்ளி வைத்தால் முகத்துக்கும் சுவருக்கும் வேறுபாடு குறைந்து எல்லாம் துலங்கும். அறை அதே அறை, ஆள் அதே ஆள். முன்னதில் அந்தச் சுவரோரம் யாரோ நிற்பதாகத் தோன்றும். பின்னதில் அங்கே தொங்கும் நாட்காட்டியின் தேதியைக்கூடப் படித்துவிடலாம். தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்த விதி ஒன்று திரையில் நம்மை அச்சுறுத்திக்கொண்டிருப்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி கொஞ்சமன்று.

தமிழில் இந்த வித்தையின் தலையாய எடுத்துக்காட்டு 1954-ஆம் ஆண்டில் வந்த ‘அந்த நாள்’ என்பது என் துணிபு. பெரிய திரைக்கு எடுக்கப்பட்ட படமாயினும் என் வயதினர் அதைத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோதான் பார்த்திருப்போம். ஏ.வி.எம். நிறுவனம் தயாரித்தது, இயக்கியவர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்று இசையுலகம் போற்றிய அதே மேதைதான். கதையும் உரையாடலும் ஜாவர் சீதாராமன். ஒளிப்பதிவு மாருதி ராவ். ஒரு வீணை வித்தகர் எடுத்த படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை! பாட்டும் நடனமும் இல்லாமல் தமிழ்ப்படமா என்று கேட்ட காலம் அது. படம் வெளிவந்தபோது மக்கள் அதற்குப் பெரும் வரவேற்பு அளிக்கவில்லை.

கதை நிகழ்வது 1943 அக்டோபரில், சென்னைப் பட்டணத்தின்மீது சப்பானிய விமானம் குண்டு வீசிய நாளையொட்டி. எடுத்த எடுப்பில் துப்பாக்கி வெடிக்கும் ஓசை. குண்டடி பட்டுச் சரிபவர் யார்? சிவாஜி கணேசன்! ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. தமிழ்நாடே கொண்டாடிக்கொண்டிருந்த முகம் அது. அந்த முகத்தைக் காண டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்கள், உட்கார்ந்த உடனேயே அவர் செத்து விழுவதைப் பார்க்கிறார்கள். சாகும் முகம் தெரிகிறது. சுட்ட கை தெரியவில்லை. கூத்துத் திரைக்காரர் செய்த அதே வேலை! ஒரு பாதி நமக்கு, மறு பாதி திரைக்குப் பின்னால்.

இங்கே இயக்குநர் செய்த சூழ்ச்சியைக் கவனியுங்கள். மாண்டவர் முகத்தை நாம் கண்டுவிட்டோம். அது நாயகன் முகம். உடனே நம் நெஞ்சம் அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘இந்த நல்ல மனிதனைக் கொன்ற பாவி யார்?’ என்று கேட்கிறோம். அவர் நல்லவர் என்று யார் சொன்னார்கள்? எவரும் சொல்லவில்லை. நாமே சேர்த்துக்கொண்டோம். அடுத்த வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஒவ்வொருவராகத் துப்பறிவாளர் முன் வந்து கதை சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லிலும் மற்றொருவர்மீது நிழல் விழுகிறது. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் எஞ்சிய வரிகளைத் தாண்டிவிடுங்கள், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது.) முடிவில் தெரிவது என்ன? அந்த வானொலிப் பொறியாளர் நாட்டின் இரகசியங்களைப் பகைவர்க்கு விற்றவர். குண்டு புறப்பட்டது அவர் மனைவி கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து. கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்த நமக்கு, நாம் இரக்கப்பட்டவரே குற்றவாளி என்பது கடைசியில்தான் புலனாகிறது. நம் கண்ணையே சந்தேகிக்கக் கற்றுக்கொடுத்த படம் அது. தொடக்கக் காட்சியின் பெருமை இதில் இருக்கிறது: அது பொய் எதுவும் சொல்லவில்லை. நம் வழக்கமான விருப்பு வெறுப்பை நமக்கு எதிராகவே திருப்பிவிட்டது.

சப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் ‘ராஷோமோன்’ (1950) பாலசந்தருக்குத் தூண்டுகோலாக இருந்தது என்பர். அந்தப் படத்தின் தொடக்கமும் மறக்கவியலாதது. பாழடைந்த பெருவாயில், கொட்டும் மழை, ஒதுங்கி நிற்கும் மனிதர்கள். வெறும் தண்ணீர் சாம்பல் நிற வானப் பின்னணியில் காமிராவுக்குத் தெரியவில்லையாம். எனவே தண்ணீரில் கறுப்பு மை கலந்து பொழிய வைத்தார்கள். மழையைக் காட்ட மழை போதவில்லை! காட்டுக் காட்சிகளில் ஒளிப்பதிவாளர் மியாகாவா நிலைக்கண்ணாடிகளால் வெயிலைத் திருப்பி, இலைகளின் ஊடே நடிகர் முகத்தில் பாய்ச்சினார். இலை நிழல் ஆடும் முகத்தைப் பார்க்கையில் இவன் சொல்வது மெய்யா பொய்யா என்று நமக்கு உறுதி வருவதில்லை. நம் ஆய்வகத்தில் தூசி படிந்து கிடக்கும் ஆடிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.

சின்னத்திரைக்கு வருவோம். சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-இல். எங்களைப் போன்ற வீடுகளுக்குச் சொந்தத் தொலைக்காட்சி வந்தது 2006-க்குப் பிறகு, அரசு வழங்கிய இலவச வண்ணப் பெட்டியால். அதற்கு ஏறத்தாழ என் வயதுதான். அதில் இருட்டுக் காட்சி வந்தால் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு நடக்கும்: யாராவது எழுந்து போய்க் குழல்விளக்கை அணைக்க வேண்டும். காரணம் எளிது. திரையில் ‘கறுப்பு’ என்பது ஒளி இல்லாமை. அறையின் வெளிச்சம் அந்தக் கண்ணாடிமேல் பட்டுத் திரும்பும்போது கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிடுகிறது. அறை வெளிச்சத்தில் அணைந்த திரை எவ்வளவு கறுப்போ, அதைவிடக் கறுப்பை அந்தத் திரை காட்ட முடியாது. திரையரங்கில் இந்தத் தொல்லை இல்லை. எனவே சின்னத்திரைக்குப் படம் எடுப்பவர்கள் எங்கும் ஒளியை வாரி இறைத்தார்கள். இன்னொரு காரணமும் உண்டு. அன்றாடத் தொடருக்கு அன்றாடம் சரக்கு வேண்டும். காட்சிக்குக் காட்சி விளக்கை இடம் மாற்றிக்கொண்டிருந்தால் கணக்குக் கட்டாது. நடிகர் எங்கே நின்றாலும் தெரியும்படி ஒரே சீராக விளக்கைப் போட்டுவிட்டால் வேலை ஓடும். இந்த ஒரே சீரான ஒளியில் மர்மத்துக்கு இடம் ஏது? அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் இடி.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் வந்த ‘மர்மதேசம்’ தொடர்களைப் பற்றி எங்கள் தெருவில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறார்கள். எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். நம் பக்கத்து மதுரையில் வாழ்ந்து 2024-இல் மறைந்தவர். இயக்கியவர் நாகா, தயாரித்தது கே. பாலசந்தரின் நிறுவனம். ‘விடாது கருப்பு’ என்ற பகுதியில் ஊர்க்காவல் தெய்வமான கருப்பே தவறு செய்பவர்களைத் தண்டிக்கிறது என்று ஊரார் நம்புகிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை வந்த தொடர் என்பதால் விளக்கை நகர்த்த நேரம் இருந்தது போலும். குதிரைக் குளம்போசை கேட்டதும் சிறுவர்கள் போர்வைக்குள் புகுந்துகொள்வார்களாம். என் அத்தை அந்நாளில் விளம்பர இடைவேளையில்கூடக் கொல்லைப்புறம் போகமாட்டாராம். நான் அதை அண்மையில் இணையத்தில் பார்த்தேன். படத்தின் தரம் பழையது. இசை சில இடங்களில் மிகை. ஆனாலும் இருட்டின் நடுவில் ஒரு சிறு வெளிச்சம் மட்டும் விட்டு, அந்த வெளிச்சத்துக்குள் எதுவும் வராமலே நம்மைக் காத்திருக்க வைக்கும் துணிவு அதில் இருக்கிறது. அந்தத் துணிவு இன்றைய அன்றாடத் தொடர்களில் அரிதாகிவிட்டது.

இதுவரை கலைநுட்பம். என்னை உறுத்துவது இனிமேல் சொல்லப்போவது.

கடந்த விடுமுறையில் குற்றக் கதைத் தொடர்கள் பலவற்றின் தொடக்கக் காட்சிகளை மட்டும் அடுத்தடுத்துப் பார்த்தேன். பெரிய வீடு ஒன்றில் கொலையோ திருட்டோ நடக்கிறது. வீட்டுக்கு உரியவர்கள்மீது முன்னாலிருந்து மென்மையான ஒளி. தோட்டக்காரர், வாகன ஓட்டி, பால்காரர், வாயிற்காவலர் ஆகியோர் முதன்முதலாகத் தோன்றும்போது பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ ஒளி. கைலியும் தோளில் துண்டும் கறுத்த மேனியும் உடையவர் வந்தால் காமிரா கீழே இறங்கிப் போய் நின்றுகொண்டு அவரை அண்ணாந்து பார்க்கிறது. அவர் ஒன்றும் செய்யவில்லை. பால் ஊற்ற வந்தார். ஆனால் அவர் முகத்தில் பாதி இருட்டு. இறுதியில் அவர் நிரபராதி என்று தெரிந்துவிடும். உண்மைதான். ஆனால் அவரைச் சந்தேகிப்பது இயல்பு என்று நாம் ஒப்புக்கொண்டதால் அல்லவா அந்த ஏமாற்று வித்தை பலித்தது? ‘அந்த நாள்’ நம் நம்பிக்கையை நமக்கு எதிராகத் திருப்பியது. இவை நம் நம்பிக்கைக்குத் தீனி போடுகின்றன.

இதிலும் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது. ஒளியளவு மானிகள், எதிரே இருக்கும் பொருள் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதிக்கொண்டு அளவு சொல்பவை. சிவந்த மேனி அதைவிட மிகுதியாகத் திருப்பும். கறுத்த மேனி குறைவாகத் திருப்பும். இருவரும் அருகருகே நிற்கையில் சிவந்தவருக்கு ஏற்றபடி மட்டும் காமிராவைத் திறந்தால், கறுத்தவர் முகத்தின் கோடுகள் இருளில் கரைந்துபோகும். கறுத்தவர்மீது கூடுதலாக ஒரு சிறு விளக்கோ, ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையின் மறுபலிப்போ இருந்தால் தீர்ந்தது. அந்த அட்டையைப் பிடிக்க யாரும் நினைப்பதில்லை. மேலைநாட்டிலும் இந்தக் கதை நடந்தது. கோடாக் நிறுவனம் வண்ணப்படங்களின் நிறத்தைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்பின மக்களின் முகம் எப்படி வந்தாலும் அது கணக்கில் இல்லை.

நானும் என் நண்பர்களும் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தோம். வகுப்புத் தோழன் ஒருவனை இருட்டறையில் உட்காரவைத்து, ஒரே விளக்கை முன்னாலும் பக்கத்திலும் தாடைக்குக் கீழேயும் மாற்றி மாற்றி வைத்துக் கைப்பேசியில் மூன்று படங்கள் எடுத்தோம். சட்டை அதே சட்டை; சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ‘இம்மூவரில் திருடன் யார்?’ என்று உணவு இடைவேளையில் பலரிடம் காட்டினோம். பெரும்பாலோர் தயங்காமல் மூன்றாவதைத் தொட்டார்கள். மூவரும் ஒருவனே என்று பலர் கவனிக்கவும் இல்லை. இதை ஆராய்ச்சி என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தோழனுக்கு அன்று மாலை வரை முகம் வாடியே இருந்தது. நாங்கள் தேநீர் வாங்கிக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

விளக்கின் இந்தக் குணம் திரையோடு நின்றால் நான் இக்கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன். சென்ற ஆண்டு ஓர் இரவு, உறவினர் ஒருவரைப் பேருந்து ஏற்றிவிட்டுக் கைலியோடு நடந்து வந்துகொண்டிருந்தேன். இரவு ரோந்து வந்தவர்களின் வண்டி நின்றது. டார்ச் வெளிச்சம் நேரே என் முகத்தில். அடிக்கும் வெளிச்சத்தில் கண் சுருங்கும், புருவம் நெறியும், கை தானாக உயர்ந்து முகத்தை மறைக்கும். பார்ப்பவர்க்கு அது குற்றவாளியின் முகமாகவே தெரியும். “எந்த ஊருடா? இந்நேரம் எங்க சுத்துற?” என்று கேட்டார்கள். கல்லூரி அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். வெளிச்சம் என் முகத்திலிருந்து அட்டைக்கு இறங்கியது. “காலேஜ் படிக்கிற பிள்ளையா? பார்த்துப் போ தம்பி” என்று குரலும் இறங்கியது. அதன் பிறகு அந்த டார்ச்சைத் தரையில் அடித்து எனக்கு வழி காட்டினார்கள். அதே டார்ச், அதே ஆள். என் அண்ணன் நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடிந்து அதே சாலையில்தான் வருகிறார். அவரிடம் கல்லூரி அட்டை இல்லை. அவர் முகத்திலிருந்து வெளிச்சம் இறங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் அவரிடம் கேட்டதில்லை.

அந்த வண்டியில் வந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் எண்ணவில்லை. அவர்களும் மாலையில் அதே தொடர்களைப் பார்ப்பவர்கள்; நள்ளிரவில் கைலியுடன் வருபவன் யார் என்று அவர்களுக்கும் பல்லாண்டாகப் பாடம் நடத்தப்பட்டிருக்கிறது. தொடர் எடுப்பவர்களைக் கேட்டால், மக்கள் மனத்தில் இருப்பதைத்தான் காட்டுகிறோம் என்பார்கள். கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற வழக்கு இது. முந்தியது எதுவாயினும் விளக்கைப் பிடிக்கும் கை ஒன்று இருக்கிறது. அதை நகர்த்த முடியும்.

நகர்த்தியவர்கள் இருக்கிறார்கள். 2022-இல் வந்த ‘சுழல்’ என்ற இணையத் தொடரைச் சொல்வேன். புஷ்கர் – காயத்ரி எழுத, பிரம்மாவும் அனுசரணும் இயக்கியது; ஒளிப்பதிவு முகேஸ்வரன். ஆலையில் போராட்டம், இரவில் ஆலை தீப்பற்றி எரிகிறது, தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமற்போகிறாள். தலைவராக வருபவர் பார்த்திபன். முதற்பகுதி முழுதும் சந்தேகம் அவர்மேல் கவிய வேண்டும், கவிகிறது. கோபக்காரர், கைகால் ஆட்டிப் பேசுபவர், கடவுளை மறுப்பவர், மேலிடத்துக்கு ஆகாதவர். ஆனால் காமிரா அவரை விட்டு ஓடிவிடுவதில்லை. சந்தேகப்படும் காவலர் முகத்தையும் மகளைத் தேடும் தந்தை முகத்தையும் ஒரே அக்கறையோடு பார்க்கிறது. மர்மம் குறைந்துவிட்டதா? எட்டுப் பகுதிகளையும் இரண்டு இரவில் பார்த்து முடித்தவர்கள் நம் விடுதியில் எத்தனை பேர் என்பதை விடுதிக் காப்பாளர் அறிந்தால் நல்லதல்ல. தேடிய இடம் ஒன்று, தீமை ஒளிந்திருந்த இடம் வேறொன்று என்ற அதிர்ச்சி அதில் நேர்மையாகச் சம்பாதிக்கப்பட்டது.

நம் பேராசிரியர் ஒருவரிடம் இதைப் பேசியபோது, “நிழலே கூடாது என்கிறாயா? பிறகு எல்லாம் திருமண வீடியோபோல் ஆகிவிடுமே!” என்று சிரித்தார். நிழலை ஒழிக்கச் சொல்ல நான் யார்? பி.சி. ஸ்ரீராம் ‘மௌன ராகம்’ (1986), ‘நாயகன்’ (1987) ஆகிய படங்களில் நிழலை நம்பி விளக்கு வைத்தபோது, இருட்டில் படம் எடுக்கிறார்கள் என்று கேலி பேசியவர்கள் உண்டு. ‘நாயகன்’ ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நாயகன் முகத்திலேயே பாதி இருட்டைப் போட்ட துணிவு அது. பால்காரர் முகத்தில் போடுவதற்குத் துணிவு ஒன்றும் வேண்டாம். மறுபக்கம் வங்காளத்தில் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ (1956) படத்துக்கு ஒளிப்பதிவு செய்த சுப்ரத மித்ரா, காசி நகரத்து வீட்டு முற்றத்தைப் படப்பிடிப்புத் தளத்தில் அமைத்தபோது மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்து, நிழல் தெரியாத வான்வெளிச்சத்தையே உண்டாக்கினார். இரண்டும் ஒளிதான். ஏழை வீட்டு முற்றத்தை அதற்குரிய வெளிச்சத்தில் காட்ட வேண்டும் என்று ஒருவர் இத்தனை பாடுபட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இருட்டை ஓர் இடத்தின்மேல் போடலாம். படிக்கட்டின்மேல், கிணற்றடியில், பாதி திறந்த கதவின்மேல் போடலாம். காமிரா அந்தக் கதவை நோக்கி, கண்ணுக்குத் தெரியாத மெதுவில் ஓரங்குலம் ஓரங்குலமாக நகரட்டும். யாரும் வரவேண்டியதில்லை, நம் மயிர்க்கால்கள் தாமே நின்றுகொள்ளும். இதற்குப் பால்காரரின் முகம் எதற்கு?

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. எந்தத் தொடரானாலும் தொடக்கக் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்போதும் நெஞ்சு அடித்துக்கொண்டால் அது காமிராவும் விளக்கும் செய்த வேலை. ஒலியோடு அச்சமும் போய்விட்டால் இத்தனை நாள் நம்மை மிரட்டியது இடி மட்டுமே. பிறகு இன்னொரு முறை போட்டு, யார் முகத்தில் இருட்டு விழுகிறது என்று மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். நான் குறித்த தாள்கள் என்னிடம் இருக்கின்றன, கேட்பவர்க்குத் தருவேன்.

வரும் கல்லூரி நாள் விழாவில் நடிப்பும் நடனமும் வழக்கம்போல் நடக்கட்டும். அதற்கு முந்தின நாள் மாலை நம் கருத்தரங்கக் கூடத்தில் ‘அந்த நாள்’ படத்தைத் திரையிட முதல்வர் அவர்களும் துறைத்தலைவர்களும் இசைவு தரவேண்டும் என்று இப்பக்கங்களின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதற்காட்சியை ஒரு முறை ஒலியின்றியும் ஒரு முறை ஒலியுடனும் போடலாம். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர்கள் ஏற்றுக்கொள்கிறோம். துணி எங்கள் ஒளியியல் ஆய்வகத்திலேயே இருக்கிறது. துவைக்க மட்டும் இரண்டு நாள் வேண்டும்.